கண்ணெட்டும் கடல்

கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை ஏஞ்சலின் ஒரு பார்சல் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அவள் டீ வாங்கப் போன நேரம் பார்த்து நான் அதை எடுத்துப் படித்தேன். அடுத்தவர் எழுதியதை எடுத்துப் படிப்பது தப்புதான். ஆனால் இருபது வருடமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருத்தி வெஞ்சனத்தை இன்னொருத்தி பிடுங்கித் தின்கிறவளுக்கு அந்தத் தப்பைச் செய்ய உரிமை உண்டு என்பது என் கட்சி.

சீட்டில் அவளுடைய அம்மா ஆரோக்கியம்மாளின் பெயர் இருந்தது. பிறந்த தேதி, இறந்த தேதி, 'ஆண்டவரில் இளைப்பாறுகிறார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'இப்படிக்கு, அன்பு மகள் ஏஞ்சலின்.' அதோடு முடிந்துவிட்டது. ஆரோக்கியம்மாளுக்கு ஒரு மகனும் உண்டு. சார்லஸ் என்று பெயர். கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். அவன் பெயரைக் காணோம்.

அவள் இரண்டு கையிலும் டம்ளரோடு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி இது, ஆரோக்கியம்மாளுக்கு ஒத்தப் புள்ளையா?"

"சீட்டக் குடு மெஹரு."

"சார்லஸ் பேரு எங்கங்கறேன்."

"மண்ணு போட வராதவன் பேரு கல்லுல எதுக்கு?" என்று சொல்லிவிட்டு டீயை என் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் கால் டம்ளர் மேஜைக்குப் போயிற்று. "சனிக்கிழம பாஸ்கல்ட்ட குடுக்கணும். அவரு வெட்டி முடிச்சாத்தான் கல்லறைத் திருநாளுக்குள்ள வைக்க முடியும்."

பாஸ்கல் கல்லறைக் கல் செய்கிறவர். கல்லில் ஒரு தடவை உளி பட்டுவிட்டால் பட்டதுதான். அன்றைக்குத் திங்கட்கிழமை. எனக்கு இருந்தது ஐந்து நாள்.

என் பெயர் மெஹராஜ். பேகம்பூர். வீட்டுக்காரர் நாசர் தோல் மண்டியில் வேலை பார்க்கிறார். நானும் ஏஞ்சலினும் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பார்சல் அலுவலகத்தில் இருக்கிறோம். பூட்டு, சின்னாளபட்டிச் சேலை, துபாயில் இருக்கும் பிள்ளைக்கு ஊறுகாய் என்று எது வந்தாலும் நான் எடை போட்டுக் கட்டுவேன், அவள் முகவரி எழுதுவாள். வெளிநாட்டு முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். "உங்க மகன் இருக்குற தெருவுக்கு இப்படி எழுத்து வராதேங்க, போன் போட்டுக் கேளுங்க" என்பாள். அவர்களும் கேட்பார்கள். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அந்த கர்வம் அவளுக்கு உண்டு. மூன்று மாப்பிள்ளைகளை அவள் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் அந்த கர்வம்தான் என்று நான் சொல்வேன். தம்பி தலையெடுக்கட்டும் என்று இருந்ததாக அவள் சொல்வாள். தம்பிக்கு இப்போது நாற்பது வயது. அவனும் கட்டவில்லை. ஆரோக்கியம்மாள் இரண்டு பேருக்கும் வரன் தேடித் தேடியே ஓய்ந்துபோனாள்.

அவர்களுக்கு மரியநாதபுரத்தில் ஒரே அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடு. அப்பா லாரி ஓட்டியவர், பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா பூ மார்க்கெட்டில் பூ வாங்கிக் கட்டி, கோவில் வாசலில் விற்றாள். அந்த வீட்டில் எப்படி இங்கிலீஷ் நுழைந்தது என்றால், பழைய பேப்பர் கடை வழியாக. சார்லஸுக்குப் பத்து வயதிருக்கும்போது அங்கேயிருந்து ஒரு தடித்த அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதல் இரண்டு எழுத்தையும் கரையான் தின்றிருந்தது. அதனால் அக்காவுக்கும் தம்பிக்கும் இங்கிலீஷ் மூன்றாவது எழுத்திலிருந்துதான் ஆரம்பம்.

அந்த அகராதியை வைத்து இரண்டும் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தன. ஒருத்தர் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். வேறெதுவும் பேசக்கூடாது. மற்றவர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: பொருள், பிறப்பு, புழக்கம். என்ன அர்த்தம், எங்கேயிருந்து வந்தது, எப்படிப் பேசுவது. புழக்கத்துக்குச் சொல்கிற வாக்கியம் அகராதியில் இருக்கிறதாக இருக்கக்கூடாது, சொந்தமாக, அன்றைக்கு வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வரவேண்டும். தசைக்கு இங்கிலீஷில் 'மசில்' என்கிறார்களே, அது சுண்டெலி என்ற சொல்லிலிருந்து வந்ததாம். கையை மடக்கினால் தோலுக்கடியில் சுண்டெலி ஓடுவதுபோல் இருக்குமாம். "கொடம் தூக்கித் தூக்கி எங்கக்காவுக்கு மசில் வந்துருச்சு" என்று புழக்கம் சொன்னானாம் சார்லஸ். இதை அவள் எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் தானே முதலில் சிரிப்பாள்.

அவன் பாலிடெக்னிக் படித்து, கப்பல் வேலைக்குப் போன பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. முதலில் கடிதத்தில், அப்புறம் போனில். நலமா, மழையா என்பதெல்லாம் கிடையாது. பேசாமல் கொள்ளாமல் ஒற்றைச் சொல் வந்து விழும். இவள் பார்சல் கட்டுகிற இடத்தில் நின்றுகொண்டே மூன்றையும் தட்டி அனுப்புவாள். எங்கேயோ நடுக்கடலில் இருக்கிறவனும் திண்டுக்கல்லில் இருக்கிறவளும் இதற்காகப் போனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். என் தம்பி எனக்கு அனுப்புவதெல்லாம் குட்மார்னிங் பூப்படம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆரோக்கியம்மாள் பூக்கூடையோடு கோவில் வாசலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. சார்லஸ் அப்போது ஆப்பிரிக்கா பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். போனில் அழுதான். "வாரேன்க்கா. எனக்காக அம்மாவ வச்சிருங்க, வந்துர்றேன்" என்றான்.

அவர்கள் வழக்கத்தில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் மகன்தான் நெற்றியில் கடைசி முத்தம் கொடுக்க வேண்டும். குழியில் முதல் பிடி மண்ணும் அவன்தான் போட வேண்டும். அதனால் ஏஞ்சலின் குளிர்பெட்டி வரவழைத்து அம்மாவை அதில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை கேட்டதற்கு, நாளைக்கு இறங்கிவிடுவேன் என்றான். புதன்கிழமையும் நாளைக்கு என்றான். மாமன்மார்கள் சத்தம் போட்டார்கள். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. அவள் வாசலை மறித்து நின்றுகொண்டு, "எந்தம்பி வாரேன்னு சொல்லிருக்கான், யாரும் பொட்டியத் தொடக்கூடாது" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பங்குச் சாமியார் வந்துவிட்டார். இனிமேல் வைக்க முடியாது. பெட்டியை மூடப்போகிற நேரம் அவள் போனில் ஏதோ வந்தது. எடுத்துப் பார்த்தாள். ஒரு வரிகூட இருக்காது, அதற்குள் பார்த்து முடித்துவிட்டாள். முகம் மாறிப்போயிற்று. போனை அரிசிப் பானைக்குள் எறிந்துவிட்டு, தானே போய் அம்மா நெற்றியில் முத்தம் கொடுத்தாள். கல்லறையில் முதல் பிடி மண்ணும் அவளே போட்டாள். அதிலிருந்து அவள் தம்பியோடு பேசவில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். "என்னடி அனுப்புனான்?" என்று எத்தனை விதமாகக் கேட்டும் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து அவன் லீவில் வந்தான். அவள் கதவைத் திறந்து, சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். "அக்கா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா" என்று அவன் ஆரம்பித்தபோது சமையற்கட்டுக்குப் போய் மிக்ஸியைப் போட்டுவிட்டாள். அவன் நிறுத்தியதும் அவளும் நிறுத்தினாள். அவன் மறுபடி ஆரம்பித்தான், அவள் மறுபடி மிக்ஸியைப் போட்டாள். உள்ளே அரைப்பதற்கு ஒன்றும் இல்லையாம். இதை அவனே என்னிடம் வந்து சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நாலாம் நாள் கிளம்பிப் போய்விட்டான். அப்புறம் அவனும் சொல் எதுவும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 'சாப்டியாக்கா' என்று ஒரு செய்தி வரும். அவள் பார்ப்பாள், பதில் போட மாட்டாள்.

அவள் போடாத பதிலை நான் போட்டேன். எனக்கு வாய் மட்டுமில்லை, கையும் நீளம். அக்கா நல்லா இருக்கா, சளி பிடிச்சிருக்கு, கண்ணாடி மாத்திட்டா என்று அவ்வப்போது சார்லஸுக்கு எழுதிவிடுவேன். சீட்டைப் படித்த அந்தத் திங்கட்கிழமை அவனிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அவன் கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்திருக்கிறதாம். இப்போது வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறதாம். வியாழக்கிழமை மதியம் துறைமுகத்துக்குள் போய்விடுவார்களாம். கேப்டன் நாலு மணி நேரம் வெளியே போக அனுமதி தருவாராம். திண்டுக்கல் வந்து திரும்ப நேரம் போதாது, "அக்காவக் கூட்டிட்டு வர முடியுமா மெஹராஜக்கா?"

அவளிடம் போனை நீட்டினேன். கேட்டுவிட்டு ஒரு பார்சலுக்கு முகவரி எழுதினாள். செவ்வாய்க்கிழமையும் பேச்சில்லை. புதன்கிழமை கிளம்பும்போது, "நாளைக்கு லீவு சொல்லிட்டேன், உனக்கும் சேத்து" என்றாள்.

"எங்கடி?"

"தூத்துக்குடி. நேராவே கேட்டுர்றேன், மூணு நாள் வாரேன் வாரேன்னுட்டு ஏன் வரலன்னு. கேட்டுட்டு வந்து பாஸ்கல்ட்ட சீட்டக் குடுக்குறேன்."

விடியற்காலை பஸ்ஸில் அவள் மடியில் மூன்று அடுக்கு டிபன் கேரியர் இருந்தது. மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு.

"திட்டப் போறவ எதுக்குடி கருவாட்டுக் கொழம்பு வச்ச?"

"வழியில நமக்குப் பசிக்காதா?"

"நமக்கு மூணு அடுக்கா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு ஓடி, தூத்துக்குடி பஸ் பிடித்தோம். அருப்புக்கோட்டை தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. அவள் கொஞ்சம் இளகினாற்போல் இருந்தாள். அந்த நேரம் பார்த்து நான் மறுபடியும் கேட்டேன்.

"இப்பவாச்சும் சொல்லுடி. அன்னைக்கு பொட்டிய மூடயில என்னதான் அனுப்புனான்?"

கேரியர் மூடியை அழுத்திப் பார்த்தாள். பிறகு, "ஒரு வார்த்த" என்றாள். "ஆஃபிங்."

"அது என்ன கெட்ட வார்த்தையா?"

"கடலுக்கு ஒரு பேரு."

அதோடு விடுவாள் என்று பார்த்தால் விடவில்லை. முப்பது வருடப் பழக்கம். சொல் என்று ஒன்று வாயில் வந்துவிட்டால் மூன்றையும் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. கோபத்தோடேயே சொன்னாள். கரையில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியும், ஆனால் துறைமுகத்துக்கு வெளியே தள்ளி இருக்கும், அந்தத் தூரத்துக் கடலுக்கு ஆஃபிங் என்று பெயராம். விலகி, தள்ளி என்பதற்கு இங்கிலீஷில் 'ஆஃப்' என்பார்களே, அதன் வாலில் ஒரு 'இங்' ஒட்டவைத்துப் பாய்மரக் கப்பல்காரர்கள் நானூறு வருடத்துக்கு முன்னால் உண்டாக்கிய சொல்லாம். பாறையில் மோதாமல் இருக்க, கரையை விட்டு நல்ல ஆஃபிங்கில் கப்பலை ஓட்டு என்பார்களாம். காற்றுக்கும் கடல் பெருக்குக்கும் காத்துக்கொண்டு கப்பல் அங்கேதான் நிற்குமாம். கரையில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இனி வந்துவிடும் என்று காத்திருப்பார்களாம். அதிலிருந்துதான் பேப்பர்காரர்கள், தேர்தல் வரப்போகிறது என்றாலும் மழை வரப்போகிறது என்றாலும் ஆஃபிங்கில் இருக்கிறது என்று எழுதுகிறார்களாம். "இப்ப கப்பல்ல இருக்கவங்களே இத அம்புட்டா சொல்றதில்ல. நங்கூரம் போடுற எடத்துக்கு அவங்களுக்கு வேற பேரு இருக்கு. தரையில இருக்கவங்கதான் புடிச்சு வச்சிருக்கோம்."

"தமிழ்ல என்ன?"

"ஒத்தச் சொல்லு இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "கண்ணெட்டும் கடல்னு வேணாச் சொல்லலாம்."

"நல்லாத்தான இருக்கு. இதுக்கா ரெண்டு வருசமா பேசல?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கேட்டது தப்பு என்று தெரிந்தது. "எங்கம்மாவ பொட்டிக்குள்ள வச்சிக்கிட்டு நிக்கிறேன் மெஹரு. ஊரே என்னை ஏசுது. வருவான் வருவான்னு நிக்கிறேன். அவனுக்கு அந்த நேரத்துல வெளையாட்டுக் கேக்குது. ஒரு வார்த்தைய எடுத்துப் போட்டு, பொருள் சொல்லு, பொறப்பு சொல்லுங்கிறான்."

சார்லஸ் மேல் எனக்கும் அந்த நிமிடம் கோபம் வந்தது. அவனுக்கு நான் எழுதிய செய்தியெல்லாம் வீண் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குத் தூத்துக்குடியில் இறங்கி நான் அவனுக்குப் போன் போட்டேன். குரல் விட்டுவிட்டு வந்தது. முன்னால் போன கப்பல் இன்னும் சரக்கு இறக்கி முடிக்கவில்லையாம். கப்பல் இன்றைக்கு உள்ளே போகாதாம். நாளைக்குச் சாயங்காலம் ஆகலாம், அதற்கு மறுநாளும் ஆகலாம் என்றான். "இங்கதான் நிக்கிறேன்க்கா, ஊரு தெரியுது" என்றான்.

நான் சொன்னதைக் கேட்டதும் ஏஞ்சலின் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "பாத்தியா? நாளைக்கு. அதே பாட்டு" என்றாள்.

ஆனால் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை. கேரியரை என் கையில் கொடுத்துவிட்டுத் துறைமுக வாசலுக்கு நடந்தாள். காவலுக்கு நின்றவர், பாஸ் இல்லாமல் உள்ளே விட முடியாது, விட்டாலும் கப்பல் உள்ளே இல்லையே அம்மா என்று தன்மையாகச் சொன்னார். கப்பல் கம்பெனிக்கு ஏஜெண்ட் வேலை பார்க்கிற அலுவலகம் எங்கே என்று விசாரித்துப் போனாள். அங்கே இருந்த பையன், படகு அதிகாரிகளுக்காகத்தான் போகும், வீட்டு ஆட்களை ஏற்ற முடியாது என்றான். கேரியரையாவது கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அதுவும் முடியாது. அப்புறம் கடற்கரைக்கு வந்து, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டாள்.

"அண்ணே, உங்க படகுல அந்தக் கப்பல் வரைக்கும் போயிட்டு வர முடியுமா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கப்பல் பக்கத்துல நாங்க போகக்கூடாதும்மா. புடிச்சிருவாங்க. யாரு இருக்கா அதுல?"

"தம்பி" என்றாள். இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அப்போதுதான்.

கடலில் ஐந்து கப்பல் நின்றது. சார்லஸ் எனக்கு அடையாளம் எழுதியிருந்தான்: இடது கையிலிருந்து மூன்றாவது, மேலே பச்சை கிரேன் நாலு இருக்கும். நான் காட்டினேன். நல்ல வெளிச்சம். பச்சைக் கிரேன் நாலும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்பக்கத்தில் வெள்ளையாக மாடி வீடு மாதிரி ஒன்று தெரிந்தது.

"கிட்டத்தான்டி இருக்கு. நடந்தே போயிரலாம் போல" என்றேன்.

"பாக்கத்தான்மா கிட்ட" என்றார் வலைக்காரர். "ஏழெட்டு கிலோமீட்டரு."

மணலில் உட்கார்ந்தோம். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. சாப்பிடலாமா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள். கப்பல் அசையவில்லை. அவளும் அந்த மூன்றாவது கப்பலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் பொறுமை குறைவு. பசி வந்தால் இன்னும் குறைவு. பஸ்ஸுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "அவனுக்கு நாம தெரிவோமா?" என்று கேட்டாள்.

"நாம எப்படித் தெரிவோம்? கரை தெரியும்னான்."

"என்ன தெரியுதுன்னு கேளு."

நான் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளையாகக் கோவில் கோபுரம் ஒன்று தெரிகிறது, ரோட்டில் பஸ் போவது தெரிகிறது, தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, நாலு நாளாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அக்கா என்று எழுதியிருந்தான்.

ஏஞ்சலின் எழுந்து நின்றாள். தண்ணீர் விளிம்பு வரை போனாள். சேலைக் கரை நனைந்தது. நான் பின்னாலேயே போனேன்.

"மூணு நாளு மெஹரு."

"என்ன மூணு நாளு?"

"அன்னைக்கு மூணு நாளு இப்படியே நின்னுருக்கான். அங்க அம்மா கெடக்கா. இவனுக்குக் கண்ணு முன்னால கரை தெரியுது. எறங்க விடல. நான் இங்க நாலு மணி நேரமா யாரு யாரு கால்ல விழுந்தேன் பாத்தேல்ல? ஒருத்தர் மேலயும் தப்பில்ல. ஆனா போக முடியல. அவனும் இப்படித்தான ஒவ்வொருத்தன்ட்டயா கேட்டிருப்பான்?" கப்பலைக் கையால் காட்டினாள். "அது வெளையாட்டு இல்லடி. எங்க நிக்கிறேன்னு எழுதிருக்கான். அதுக்கு மேல எழுத முடியாம ஒரு வார்த்த எழுதிருக்கான். எங்கக்காவுக்கு ஒண்ணு போதும்னு நெனச்சிருக்கான். எனக்கு அர்த்தம் தெரியும் மெஹரு. அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் நான் அவன..."

நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான். யா அல்லா, அந்த அழுகையை இரண்டு வருடம் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. வலைக்காரர் திரும்பி நின்றுகொண்டார்.

கொஞ்சம் ஓய்ந்ததும் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். ஒரே ஒரு மணிதான் அடித்தது, அவன் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மெஹராஜக்கா."

"சார்லஸ்" என்றாள்.

அந்தப் பக்கம் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க நான் என்ன வானத்து மலக்கா?

"அக்கா?"

"அன்னைக்கு நீ அனுப்புனத வெளையாட்டுன்னு நெனச்சேன்டா."

"எதையக்கா?" அவனுக்குப் புரிய நேரமாயிற்று. "அதையா? அன்னைக்கா வெளையாடுவேன்?"

"கூறுகெட்டுப் போச்சுடா எனக்கு."

"இல்லக்கா. போன்ல சார்ஜும் இல்ல, கையும் ஓடல. எதிர்த்தாப்புல ஏர்ப்போர்ட்டு. ஒவ்வொரு பிளேனா ஏறிப் போறது தெரியுது. அதுல ஒண்ணுல நான் இருக்கணும். வேற என்ன எழுதன்னு தெரியல. அத எழுதுனா உனக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். நாலாம் நாளு படகு வந்துச்சு. அதுக்குள்ள நீங்க மூடிட்டீங்க." அவன் அழுகிறானா, காற்றா என்று தெரியவில்லை. "கோவம் வராம என்ன செய்யும்? நான் வரலைல."

ஏஞ்சலின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பார்சல் அலுவலகத்தில் முகவரி கேட்கிற குரலைக் கொண்டுவரப் பார்த்தாள்.

"ஏலே, அம்மாவுக்குக் கல்லு வைக்கிறோம். நாளன்னைக்குள்ள எழுத்து குடுக்கணும். உம்பேர எப்படிப் போடன்னு சொல்லு."

"எம்பேரு இருக்காக்கா அதுல?"

அவள் மறைக்கவில்லை. "இல்லடா. இன்னைக்குக் காலையில வரைக்கும் இல்ல. இப்பக் கேக்குறேன், சொல்லு."

அதற்கு மேல் அவன் மறைக்க முயலவில்லை. நாற்பது வயது ஆள், எங்கள் இரண்டு பேர் காதிலும் விழும்படி விம்மினான். நாங்கள் அந்த மூன்றாவது கப்பலைப் பார்த்தபடி நின்றோம்.

"மகன் சார்லஸ்னு போடுக்கா. போதும்" என்றான் கடைசியில். "மத்தவங்க கேட்டா, அடக்கத்துக்கு வரலன்னு சொல்லிக்க. உள்ளதுதான்."

"வந்தான்னு சொல்லுவேன்டா. யாரு கேட்டாலும் சொல்லுவேன்" என்றாள் ஏஞ்சலின். "கண்ணுக்குத் தெரியுற தூரம் வரைக்கும் எந்தம்பி வந்தான்னு சொல்லுவேன்."

ஐந்து மணிக்கு மதுரை போகிற பஸ் இருந்தது. நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. அவன் எந்த நாள் இறங்கினாலும் இருந்து பார்த்துவிட்டுப் போவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. நான் பாஸ்கலுக்குப் போன் போட்டு, கல்லில் இன்னொரு வரிக்கு இடம் விடச் சொன்னேன்.